செவ்வாய்க்கிழமைக் குப்பை

லொரெட்டா குப்பை வண்டி ஓட்டுகிறவள் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. அவளுடைய ரூட் மெக்கின்னி பக்கம், எங்கள் ஊரான ஆலனுக்கு வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் தரப்பில் இருக்கிற ஒரே சமாதானம் அதுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள், அதில் பாதி நம்மவர்கள். எதிர்வீடு கோபிச்செட்டிபாளையம் குமாரசாமி, அவர் மனைவி சாரதா. நானும் என் கணவன் பத்மநாபனும் மேற்கு மாம்பலம். மற்றவர்கள் தெலுங்கு, குஜராத்தி. எல்லோரும் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் மூன்று நாள் ரிச்சர்ட்சனிலோ பிளேனோவிலோ ஆபீசில் முகத்தைக் காட்டிவிட்டு வருகிறவர்கள். லொரெட்டா எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்தவள். ராணுவத்தில் இருந்தவர்களுக்குக் கிடைக்கிற லோனில், விலை கிடுகிடுவென்று ஏறுவதற்கு முன்பே என் பக்கத்து வீட்டை வாங்கிவிட்டாள்.

குமாரசாமி அண்ணன் குடிவந்த முதல் வாரம், லொரெட்டா தன் வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். மாநிறம், அகலமான முகம், இடுப்புவரை பின்னல். அண்ணன் போய், என் வீட்டுப் புல்லையும் வெட்டிக் கொடுக்க என்ன கேட்கிறாய் என்று விசாரித்திருக்கிறார். அவள் மெஷினை அணைத்துவிட்டு, நான் இந்த வீட்டுக்காரி என்றாளாம். அண்ணன் விடவில்லை. மெக்சிகோவா? இல்லை, இங்கேதான். அது சரி, ஒரிஜினலா எங்கே? "இங்கேதான்" என்றாள் மறுபடியும். அவள் கொமாஞ்சி. இந்த டெக்சாஸில் பாதியைக் குதிரை மேல் உட்கார்ந்து ஆண்ட ஜனம். இப்போது அவர்கள் ஊர் வடக்கே மூன்று மணி நேரம் தள்ளி, ஓக்லஹோமாவில் லாட்டன் பக்கம். நம்மை நாலு பேர் கேட்டு எரிச்சல் மூட்டுகிற கேள்வியைத்தான் அவளிடம் கேட்டோம் என்பது அண்ணனுக்கு இன்றுவரை உறைக்கவில்லை. பார்ட்டியில் இதை ஜோக்காகச் சொல்வார். நாங்களும் சிரிப்போம்.

லொரெட்டா ஏதாவது சமைத்தால் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். சாரதா அக்கா "சோ நைஸ்" என்று இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே போய், மாட்டுக்கறி இருக்குமென்று அப்படியே கொட்டிவிடுவாள். தட்டைக் கழுவி நாலு முறுக்கு வைத்துத் திருப்பித் தருவாள். "நல்லா இருந்ததா?" என்று அவள் கேட்டால், "வெரி டேஸ்டி" என்பாள். இதையெல்லாம் நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கும் அவளுக்கும் பழக்கம் ஏற்பட்டது கார் பேட்டரியால். குளிரில் என் வண்டி செத்துப்போன ஒரு சனிக்கிழமை, நான் கூப்பிடாமலே கேபிளோடு வந்தாள். வண்டி சார்ஜ் ஆகிறவரை இரண்டு பேரும் கராஜ் வாசலில் காப்பி குடித்தோம். வலது காது சரியாகக் கேட்காது, இந்தப் பக்கம் வா என்றாள். அவள் பேசியது நிறுத்தி நிறுத்திப் பேசுகிற இங்கிலீஷ். எனக்குள் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"ராணுவத்துல என்ன வேலை?" என்று கேட்டேன்.

"டிரக். அப்பவும் டிரக், இப்பவும் டிரக்."

"ஈராக்கா?"

"ரெண்டு தடவை. குவைத்துல லோடு ஏத்தி மேல கொண்டுபோகணும். தண்ணி, டயர், டாய்லெட் பேப்பர், எது கொடுத்தாலும். வரிசையா முப்பது வண்டி. குண்டை எதுல வைப்பான் தெரியுமா? ரோட்டோரக் குப்பையில. செத்த நாய்க்குள்ள. சிமெண்ட் மூட்டையில. ஒரு பிளாஸ்டிக் பை நேத்து இல்லாம இன்னிக்கு இருந்தா நிறுத்தணும். பார்க்காமப் போனா முடிஞ்சது. எனக்கு முன்னாடி போன வண்டிக்காரன் பார்க்கல."

"அப்புறம் எப்படி இந்த வேலைக்கு…"

"திரும்பி வந்தப்ப, தெருவுல குப்பைப் பை கிடந்தா என்னால தாண்டிப் போக முடியல. காரை நிறுத்திட்டு அழுவேன். அப்புறம் யோசிச்சேன். இவ்வளவு பயப்படறதை தினமும் கையில எடுத்துட்டா என்ன ஆகும்?" சிரித்தாள். "வண்டிக்குள்ள ஒரு ஸ்கிரீன் இருக்கு. தொட்டியில விழற குப்பை அதுல தெரியும். மத்த டிரைவருங்க பார்க்கவே மாட்டாங்க. நான் பார்க்காம ஒரு கேனைக்கூடக் கவிழ்த்தது இல்ல. கண்ணு தானாப் போகும்."

இது எனக்குத் தெரியும். இதை என்னிடம்தான் சொன்னாள், வேறு யாரிடமும் இல்லை.

அவளுக்கு ஒரு மகள். அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதப் போவதில்லை, காரணம் பின்னால் வரும். லொரெட்டா முதல் தடவை ஈராக் போனபோது குழந்தைக்கு இரண்டு வயது. அப்பன்காரன் அதற்கு முன்பே கழன்றுகொண்டான். லொரெட்டாவின் அக்கா லாட்டனில் வளர்த்தாள். திரும்பி வந்தபோது குழந்தை பெரியம்மா காலைக் கட்டிக்கொண்டு, யார் இது என்று கேட்டதாம். இரண்டாம் தடவை போனபோது அதற்கு ஐந்து வயது. பதினொன்றாம் வயதில்தான் அம்மாவோடு ஆலனுக்கு வந்தது. வந்து ஒரு வருஷம் அம்மாவிடம் வாயே திறக்கவில்லை.

"பேச வைக்க என்ன பண்ணின?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. சமைச்சேன். ஸ்கூல்ல கொண்டு விட்டேன். சும்மா இருந்தேன். ஒரு நாள், உப்பு போதலன்னு சொன்னா."

நான் பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் பிள்ளைகள் போகிற டேகேரில் டீச்சர். தெருவில் எல்லோருக்கும் அவள் வேண்டும். வெள்ளிக்கிழமை பார்ட்டி என்றால் பிள்ளைகளை அவளிடம் தள்ளிவிட்டுப் போவோம். என் மகள் தீக்ஷாவுக்கு அப்போது நாலு வயது. வீட்டில் தயிர்சாதத்தை மூன்று வாய்க்கு மேல் தொட மாட்டாள். அந்தப் பெண் கிண்ணத்தில் பிசைந்து, நடுவில் குழி பண்ணி, ஆளுக்கொரு வாய் என்று கதை சொல்லி மொத்தத்தையும் ஊட்டிவிடுவாள். அவளுக்கும் ஊறுகாயோடு தயிர்சாதம் பிடித்துப்போய்விட்டது.

போன வருஷம் ஜனவரி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஐஸ் மழை. இந்த ஊரில் அது பெய்தால் ரோடு கண்ணாடி ஆகிவிடும். குப்பை வண்டிகூட வரவில்லை. இரண்டு மணிக்கே டேகேரிலிருந்து மெசேஜ்: மூன்று மணிக்குள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பத்மநாபன் சான் ஹோசேயில் இருந்தான். எனக்கு அன்று சாஃப்ட்வேர் ரிலீஸ். பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம் என்று போன் மீட்டிங்கிலேயே இருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால்.

டேகேரில் ஒரே ஒரு ரூமில் விளக்கு எரிந்தது. மற்ற டீச்சர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கோட்டு தீக்ஷா மேல். நான் ஸாரி ஸாரி என்றேன். "பரவாயில்ல மிஸ் ஷ்யாமளா, பார்த்து ஓட்டுங்க" என்றாள். அவள் விளக்கணைத்து, பூட்டி, அலாரம் போட்டுக் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஃப்ரீவே மேம்பாலத்தில் ஒரு பெரிய லாரி சறுக்கி குறுக்கே திரும்பியிருக்கிறது. அவள் வண்டி அதன் அடியில் போய்விட்டது.

நான் அந்தப் பாலத்தைப் பத்து நிமிஷம் முன்னால் கடந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மிளகு ரசம் வைத்தேன். ஏழு மணிக்கு சாரதா அக்கா போன் பண்ணும்போது தீக்ஷாவுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

நான் லேட்டாகப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. பத்மநாபனிடம்கூட, மூன்று மணிக்குப் போய்விட்டதாகத்தான் சொன்னேன்.

துக்கம் விசாரிக்க எல்லோரும் போனோம். குமாரசாமி அண்ணன் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிச் சொல்லி, எவ்வளவு நல்ல பெண், எப்படிச் சிரிப்பாள் என்று ஆரம்பித்துவிட்டார். நாங்களும் ஆளாளுக்குப் பெயரைச் சொன்னோம். அது ஆறுதல் என்று நினைத்தோம். ஒவ்வொரு தடவையும் லொரெட்டாவின் தோள் லேசாகத் துள்ளியது. கடைசியில் கையைத் தூக்கி, "பேரைச் சொல்லாதீங்க. எங்க வீட்ல போனவங்க பேரைச் சொல்றதில்ல. கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பா. அவ போகணும்" என்றாள். அண்ணன் "ஓ, ஸாரி" என்று சொல்லி, அடுத்த வாக்கியத்திலேயே மறுபடி பெயரைச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை லாட்டனில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவில் ஏழு வீட்டை லொரெட்டா சாப்பிடக் கூப்பிட்டாள். கதவைத் திறந்தவளைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னலைக் காணோம். காதுக்குக் கீழே கோணல் மாணலாக, சமையலறைக் கத்தரிக்கோலால் அவளே வெட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் துக்கம் காக்கிற முறை அது என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு பெரிய பானையில் மாட்டுக்கறியும் சோளமும் கொதித்துக்கொண்டிருந்தது. எண்ணெயில் பொரித்த ரொட்டி மலையாகக் குவிந்திருந்தது. அடுப்பின் ஓரமாக ஒரு சின்னச் சட்டி. "அது பீன்ஸ். கறி கலக்கல, கரண்டியும் வேற. உனக்கு" என்றாள் என்னிடம். பெண்ணைப் புதைத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. நான் சைவம் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

ஹாலில் அந்தப் பெண்ணின் சாமான்கள் எல்லாம் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. உடுப்பு, ஷூ, சைக்கிள், இன்ஸ்டன்ட் பாட் என்கிற கரண்ட் குக்கர், குழந்தைகள் புத்தகம் ஒரு பெட்டி, குளிர் கோட்டு, ஹேர் டிரையர். சுவரில் படம் மாட்டியிருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. லொரெட்டா நடுவில் நின்றாள்.

"என் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். போனவளோட பொருள் வீட்ல இருந்தா அவ போகமாட்டா, நானும் எழுந்திருக்க மாட்டேன். அதனால அவளுக்குத் தெரிஞ்சவங்க கையில கொடுக்கறேன். எடுத்து பயன்படுத்துங்க. கிழியற வரைக்கும், உடையற வரைக்கும். அவ நடந்து போற வழிக்கு அதுதான் உதவி." எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். "ஒண்ணு மட்டும். திருப்பிக் கொண்டுவராதீங்க. என்ன ஆனாலும் சரி, என் கை மறுபடி அதைத் தொடக்கூடாது."

பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். சாரதா அக்காவுக்கு இன்ஸ்டன்ட் பாட்டும் கோட்டும். அவர்கள் மகன் கவினுக்கு சைக்கிள். "நீ வேகமா ஓட்டுவேன்னு அவ சொல்லிட்டே இருப்பா" என்றாள். எல்லோரும் "சோ ஸ்வீட் ஆஃப் யூ" என்று வாங்கினோம். மறுக்க யாருக்கும் தைரியமில்லை. கொஞ்சம் ஆசையும் இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த இன்ஸ்டன்ட் பாட் எட்டு லிட்டர்.

என்னைக் கடைசியில் கூப்பிட்டாள். கையில் ஒரு நீலச் சால்வை. நாலு ஓரத்தில் மூன்று ஓரத்துக்கு ஒரு சாண் நீளத்தில் குஞ்சம். நம் புடவை முந்தானைக்குக் கட்டுவது போலத்தான், ஆனால் இழை இழையாக நூற்றுக்கணக்கில்.

"இது நான் கட்டினது. ரெண்டாவது தடவை போனப்ப, அங்க கேம்ப்ல. வண்டி ஓட்டிட்டு வந்து கை நடுங்கும், தூக்கம் வராது. அக்கா நூலை பார்சல்ல அனுப்புவா. ஒரு நாளைக்கு இருபது முடிச்சு. நான் திரும்பி வந்ததும் எங்க ஜனத்து விழாவுல இதைப் போர்த்திட்டு அவ ஆடணும்னு. அவ வளர வளர துணியை மாத்தினேன், குஞ்சம் அதேதான்." அதை என் கையில் வைத்தாள். "தீக்ஷாவுக்கு."

"எனக்கு எதுக்கு லொரெட்டா, இவ்வளவு பெரிய…"

"அவளைக் கடைசியாப் பார்த்தது நீதான். மூணரைக்கு எனக்கு டெக்ஸ்ட் அனுப்பியிருந்தா. தீக்ஷாவோட அம்மா இன்னும் வரல, காத்துட்டிருக்கேன்னு." என் முகத்தையே பார்த்தாள். அவள் கண்ணில் கோபத்தைத் தேடினேன், இல்லை. "நல்லது. கடைசியில ஒரு குழந்தையைப் பார்த்துட்டிருந்தா. தனியா இல்ல."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். அந்தச் சால்வையை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்த முப்பது அடி தூரம் எனக்கு இன்னும் முடியவில்லை.

மாலையே லொரெட்டா தன் அக்கா வீட்டுக்கு என்று லாட்டன் கிளம்பிப் போனாள். வார இறுதியில் வருவேன் என்றாள்.

திங்கட்கிழமை காலையிலேயே வாட்ஸாப்பில் புகைச்சல். மத்தியானம் சாரதா அக்கா நேரிலேயே வந்துவிட்டாள்.

"ஏனுங்க ஷ்யாமளா, அந்தக் குக்கர்ல நான் என்னத்தீங்க ஆக்கறது? மூடியத் தொறந்தா அந்தப் புள்ள மொகந்தான் வருது. கண்ணாலமாகாத புள்ள, அடிபட்டுப் போயிருக்குது. எங்கூர்ல இப்படிப் போனவங்க சாமானத்த வாசப்படி தாண்ட உடமாட்டாங்க. நேத்து அங்க போய் ரொட்டி வேற தின்னுட்டு வந்திருக்கறோம். வந்து தலைக்கு ஊத்துனேன், இருந்தாலும் மனசு கேக்கல."

"திருப்பிக் கொடுத்துடலாமா அக்கா?"

"அதான் தொடவே மாட்டேன்னு சொல்லிருச்சுல்லங்க. நீங்களும் கேட்டீங்கல்ல."

"டொனேஷன் பாக்ஸ்ல போட்டா யாராவது யூஸ் பண்ணுவாங்களே."

"அதுக்குக் கார்ல ஏத்தோணுமல்லங்க? புது வண்டி. பூஜை போட்டு ரெண்டு வாரங்கூட ஆகல."

பின்னாலேயே குமாரசாமி அண்ணன் வந்து நின்றார். "எதுக்கு இவ்ளோ டென்ஷன்? நாளைக்கு டிராஷ் டே. போன வாரம் ஐஸுன்னு வரல, எல்லா வீட்லயும் ரெண்டு வாரக் குப்பை. அதோட இதையும் தள்ளிட்டா ஆருக்குத் தெரியப் போகுது? அந்தம்மா வீக்கெண்டுதான் வருது. நான் ஆறு வீட்லயும் பேசிட்டேன். நீங்க மட்டும் வெச்சுட்டிருந்தா நல்லா இருக்காது பாருங்க."

"அண்ணா, அவங்க குப்பை வண்டிதானே ஓட்டறாங்க."

"அது மெக்கின்னி ரூட்டுங்க. இங்க ஒரு கறுப்புத் தாத்தால்ல வர்றாரு."

பத்மநாபனிடம் போன் பண்ணிச் சொன்னேன். "லாஜிக்கா யோசி ஷ்யாமு. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கையே கிடையாது. ஆனா பெரியப்பா பிச்சுமணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். துர்மரணம்ங்கறார். குழந்தை இருக்கற ஆத்துல வேண்டாமேங்கறார். ரிஸ்க் எதுக்கு?"

அவர்கள் பயத்தில் போட்டார்கள். நான் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்குப் பேய் பிசாசு எதிலும் பயமில்லை. அந்தச் சால்வை அலமாரியில் இருக்கிறவரை, நான் லேட்டாகப் போன அந்த முக்கால் மணி நேரம் என் வீட்டில் மடித்து வைத்திருக்கிறது. தீக்ஷா அதைப் போர்த்திக்கொண்டு ஹாலில் சுற்றுவாள், நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னால் ஆகாது. சாரதா அக்காவின் பயம் எனக்கு நல்ல சாக்காகக் கிடைத்தது. தீக்ஷா டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது கராஜுக்குக் கொண்டுபோனேன். குப்பைத் தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. அழுத்தினேன். மூடி முழுசாக மூடவில்லை. குஞ்சத்தில் நாலு விரல் அகலம் வெளியே தொங்கியது. போகட்டும், காலையில் போய்விடுமே என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். கூரையிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. தெரு நெடுகப் பச்சைத் தொட்டிகள், பக்கத்தில் பைகள், எதிர்வீட்டுத் தொட்டிக்கு அப்பால், தபால் பெட்டியில் சாய்த்து வைத்த சைக்கிள். காலை மீட்டிங்குக்கு நான் ஜன்னலோர மேஜையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். வண்டிச் சத்தம் கேட்டது.

எங்கள் ஊர்க் குப்பை வண்டியில் டிரைவர் வலது பக்கம், நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். இறங்கவே வேண்டாம். இரும்புக் கை நீண்டு தொட்டியைக் கட்டிப் பிடித்து, தூக்கி, கவிழ்த்து, திரும்ப வைக்கும். எதிர்வரிசையில் மூன்று வீடு அப்படியே முடிந்தது. நாலாவது குமாரசாமி அண்ணன் வீடு. கை தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்தது. உள்ளே ஏதோ உலோகம் டங்கென்று விழுந்தது.

வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அரை நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது.

ஆரஞ்சுச் சட்டை, தொப்பி, தொப்பிக்குக் கீழே கோணலாக வெட்டிய முடி. அப்புறம்தான் கேள்விப்பட்டேன்: ஐஸால் நின்றுபோன ஒரு வாரக் குப்பையைத் தீர்க்க ஆள் பற்றாமல், அவள் கம்பெனி எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு ரூட்டைக் கலைத்துப் போட்டிருந்தது. மகள் செத்ததற்கு மூன்று நாள்தான் லீவு. அது முடிந்துவிட்டதாம்.

லொரெட்டா சைக்கிளைப் பார்த்தாள். தொடவில்லை. அடுத்த வீட்டுக்கு நடந்தாள். கையுறைக் கையால் தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். மூடினாள். அடுத்த வீடு. தூக்கினாள், பார்த்தாள், மூடினாள். எதிர்வீட்டு மாடியில் திரை அசைந்து மூடிக்கொண்டது. எந்த வீட்டிலும் கதவு திறக்கவில்லை. பதினோரு மணி வெயிலில் ஒரு பொம்பளை எதிர்வரிசை முழுக்க ஒவ்வொரு தொட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டு போகிறாள், ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

திரும்பி வண்டியில் ஏறினாள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். புத்தகப் பெட்டி விழுந்தது. ஷூ விழுந்தது. சைக்கிளைத் தொடக்கூடாது அவள். வண்டியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, இரும்புக் கையாலேயே அதைக் கவ்வித் தூக்கிப் போட்டாள். உள்ளே தள்ளி நசுக்குகிற மெஷின் ஓடியது. சைக்கிள் நசுங்குகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

தெரு முனையில் திரும்பி எங்கள் வரிசைக்கு வந்தாள். என் வீட்டு முன்னால் வண்டி நின்றது. இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியம் இல்லை, குஞ்சம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் அதையே பார்த்தபடி இருந்தது.

ஓடு என்று எனக்குள் ஒருத்தி கத்தினாள். செருப்புகூட வேண்டாம், ஓடிப் போய் அதை உருவி எடு. அவள்தான் தொடக்கூடாது. நான் தொடலாம். நான் எடுத்தால் போதும். இருபது அடி.

"ஷ்யாமளா, நெக்ஸ்ட் நீங்க" என்றது லேப்டாப். என் மேனேஜர் நவநீத். "உங்க சைடு ஸ்டேட்டஸ்? எனி பிளாக்கர்ஸ்?"

வேலைக்குத் தடை ஏதாவது உண்டா என்று தினமும் காலையில் கேட்கிற கேள்வி.

இரும்புக் கை நீண்டது.

"நோ பிளாக்கர்ஸ்" என்றேன்.

தொட்டி மேலே போனது. குஞ்சம் விரிந்து ஒரு கணம் வெயிலில் ஆடியது. விழுந்தது. மெஷின் ஓடுவதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருந்தது. அவள் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், பார்க்காமல் அவளால் முடியாது. அப்புறம் மெஷின் ஓடியது. தொட்டியைக் கொஞ்சமும் அதிராமல், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் தீக்ஷா சால்வையைக் கேட்டாள். துவைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "வென் இஸ் இட் கமிங் பேக்?" என்று இரண்டு வாரம் கேட்டாள். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் மறந்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் லொரெட்டாவே வந்தாள். எங்கள் ரூட்டை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். குமாரசாமி அண்ணன், பழிவாங்குது பாருங்க என்றார். சாரதா அக்கா முறுக்குத் தட்டோடு அவள் வீட்டுக்குப் போய் மணி அடித்துவிட்டு, கதவு திறக்காமல் திரும்பி வந்தாள். இப்போதும் ஏழு வீட்டு வாசலிலும் அவள் இறங்குகிறாள். மூடியைத் தூக்கிப் பார்க்கிறாள், மூடுகிறாள், ஏறுகிறாள். வேறு எந்த வீட்டிலும் இறங்குவதில்லை. நாங்கள் ஏழு பேரும் இப்போது குப்பையைக் கறுப்புப் பையில் இரட்டை முடிச்சுப் போட்டுத்தான் வைக்கிறோம்.

ஒரே ஒரு தடவை நான் வெளியே போனேன். மார்ச் மாதம். அவள் என் தொட்டி மூடியைத் தூக்கிய நேரம், பக்கத்தில் போய் நின்றேன். அவளுக்குக் கேட்கிற காதுப் பக்கமாகத்தான் நின்றேன்.

"லொரெட்டா, நான் அன்னிக்கு…"

அவள் உள்ளே பார்த்தாள். இரட்டை முடிச்சுப் போட்ட கறுப்புப் பைகள் மட்டும். மூடினாள்.

"மூடி முழுசா மூடியிருக்கணும், ஷ்யாமளா" என்றாள். கம்பெனிக்காரர்கள் எல்லோரிடமும் சொல்கிற அதே குரல். "எதுவும் வெளியே தொங்கக் கூடாது. கையில சிக்கிக்கும்."

ஏறி உட்கார்ந்து, நான் தள்ளி நிற்கிறவரை காத்திருந்து, என் குப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.